பழைய அடுக்குமாடி வீடு வாங்கலாமா? பாளையங்கோட்டையை முன்வைத்து ஒரு மதிப்பாய்வு

திருநெல்வேலியில் சொந்த வீடு தேடும் நடுத்தரக் குடும்பத்துக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. ஊருக்கு வெளியே மனை வாங்கித் தனிவீடு கட்டலாம். புறநகரில் எழும் புதிய அடுக்குமாடியில் முன்பணம் கட்டலாம். பாளையங்கோட்டை, பெருமாள்புரம், தியாகராஜ நகர், வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்டு போன்ற பகுதிகளில் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் மறுவிற்பனைக்கு வரும் வீட்டையும் வாங்கலாம். முதல் இரண்டு வழிகளின் நன்மை தீமைகள் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். மூன்றாவது வழியில்தான் கருத்துகள் முட்டிக்கொள்கின்றன. வீட்டுப் பெரியவர் ஒன்று சொல்கிறார், பொறியாளர் வேறொன்று சொல்கிறார், பத்திரம் பார்க்கும் வழக்கறிஞரும் கடன் தரும் வங்கியும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1878இல் தூய யோவான் கல்லூரி, 1895இல் சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் தூய சவேரியார் கல்லூரி, 1965இல் அரசு மருத்துவக் கல்லூரி, 1971இல் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி என்று கல்வி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆசிரியர்களும் மருத்துவர்களும் அரசு ஊழியர்களும் பல ஊர்களிலிருந்து, பல சாதி மதங்களிலிருந்து வந்து தங்கினார்கள். 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவை இணைந்து மாநகராட்சியானபோது, நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய டவுனும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேலப்பாளையமும், தேவாலயங்களும் பள்ளிகளும் நிறைந்த பாளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. பாளையில் பழைய அடுக்குமாடி வீடு வாங்குபவர், பெரும்பாலும், பலதரப்பட்டவர்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் கட்டடத்தில் பங்கு வாங்குகிறார். அது சாதகமா பாதகமா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இந்தப் பதில்களையும், அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

மண்ணா, மாடியா?

மிகப் பழைய பதில், ‘சொத்து என்றால் மண்தான்’ என்பது. தாமிரபரணிச் சமவெளிக்கு இது இயல்பான பார்வை. கன்னடியன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் ஆகியவற்றின் பாசனத்தில் இருபோகம் விளைந்த இந்த மண்ணில் குடும்பத்தின் மதிப்பை நஞ்சையின் பரப்பே தீர்மானித்தது. வயல் மனையாக மாறிய பிறகும் அந்தக் கணக்கு தொடர்கிறது. நான்கு சென்ட் மனையில் தனிவீடு இருந்தால் அது சொத்து. மூன்றாம் மாடியில் ஆயிரம் சதுர அடி என்றால் அந்தரத்தில் தொங்கும் வீடு. அதிலும் பழையது என்றால், ஆண்டுக்கு ஆண்டு தேயும் பொருளுக்குப் பணம் கொடுப்பதாகவே இந்தத் தரப்பு கருதுகிறது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. கட்டடம் தேயும், நிலம் தேயாது. மதிப்பீட்டாளர்களும் நிலத்தின் விலையையும் கட்டடத்தின் எஞ்சிய மதிப்பையும் பிரித்தே கணக்கிடுகிறார்கள். ஆனால் அடுக்குமாடியில் நிலமே கிடையாது என்பது தவறு. ஒவ்வொரு வீட்டுக்கும் மனையில் பிரிபடாத பாகம் உண்டு; யூடிஎஸ் என்று தரகர்கள் சொல்வது அதைத்தான். அதைத் தனியாக அளந்து வேலி போட முடியாது, ஆனால் விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாரிசுக்கு எழுதி வைக்கலாம்.

இந்த இடத்தில் பழைய கட்டடத்துக்குச் சாதகமான கணக்கு ஒன்று உண்டு. உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, முன்பு 1.5 ஆக இருந்தது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக உயர்த்தின. விதிப்படி கட்டியிருந்தால், பழைய கட்டடத்தில் ஆயிரம் சதுர அடிக்குச் சுமார் 667 சதுர அடி நிலம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை சென்ட், பங்காக வரும். புதிய கட்டடத்தில் அதே பரப்புக்கு 500 சதுர அடிதான் வரும். ஒரே தெருவில் பழைய வீட்டின் விலை குறைவாகவும் நிலப்பங்கு அதிகமாகவும் இருக்கும் விசித்திரம் இதனால் ஏற்படுகிறது.

‘மண்தான் சொத்து’ என்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை. அதைக் கவனிப்பவர்களோ அடுத்த தவறுக்கு எளிதில் போய்விடுகிறார்கள். ‘இடித்துக் கட்டும்போது லாபம் வரும்’ என்ற நம்பிக்கை அது.

இடித்துக் கட்டும் கனவு

சென்னையின் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் பழைய அடுக்குமாடிகளை இடித்து, அதே உரிமையாளர்களுக்குப் புதிய வீடு கொடுத்து, மிச்ச வீடுகளைக் கட்டுநர் விற்றுக்கொள்ளும் முறை பழக்கத்தில் இருக்கிறது. பழைய வீடு வாங்கச் சொல்லும் தரகர்கள் நெல்லையிலும் இதையே எடுத்துக்காட்டுகிறார்கள்.

பத்து சென்ட் மனையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 4,356 சதுர அடி. பழைய 1.5 குறியீட்டில் 6,534 சதுர அடி கட்டலாம். 1,089 சதுர அடியில் ஆறு வீடுகள் வரும். புதிய 2 குறியீட்டில் 8,712 சதுர அடி, அதே அளவில் எட்டு வீடுகள். ஆறு வீடுகளைப் பழைய உரிமையாளர்களுக்குக் கொடுத்துவிட்டால் கட்டுநருக்கு மிஞ்சுவது இரண்டு. அந்த இரண்டை விற்ற பணத்தில் எட்டு வீடும் கட்ட வேண்டும். கட்டுமானச் செலவைப் போல நான்கு மடங்கு விற்பனை விலை கிடைத்தால்தான் அது முடியும், அதுவும் லாபமே இல்லாமல். கட்டணம் செலுத்திக் கூடுதல் தளப்பரப்பு பெறும் வசதியும் விதிகளில் உண்டு. அது கிடைத்தால் இந்த மடங்கு இறங்கும். ஆனால் அதற்கு அகலமான சாலை வேண்டும். பாளையின் பல உள்தெருக்களில் அந்த அகலம் கிடைப்பது கடினம்.

சென்னையின் மையப் பகுதிகளில் நிலவும் விலையை நெல்லை இன்னும் எட்டவில்லை. எனவே அங்கே செல்லுபடியாகும் கணக்கு இங்கே அப்படியே பொருந்தும் என்று நம்ப ஆதாரம் போதாது. நெல்லையில் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டி வந்தால், உரிமையாளர்களும் கைப்பணம் போட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பான அனுமானம்.

சட்டமும் தாமதமாகவே உதவிக்கு வந்தது. 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் புத்தகத்தில் இருந்ததே தவிர நடைமுறையில் பரவவில்லை. ஒரே ஓர் உரிமையாளர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுபோகும் நிலைதான் இருந்தது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் இருந்தால் மறுகட்டுமானத்துக்கு அது வழி செய்கிறது. சிங்கப்பூரில் பத்து ஆண்டைத் தாண்டிய தனியார் அடுக்குமாடியை மொத்தமாக விற்க 80 விழுக்காடு சம்மதம் தேவை என்பதோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டின் வரம்பு தளர்வானதுதான். ஆனால் சம்மதத்தைத் திரட்டும் வழியைத்தான் சட்டம் திறந்திருக்கிறது. பணத்தைத் திரட்டும் பொறுப்பு உரிமையாளர்களிடமே இருக்கிறது.

பத்திரம் பார்ப்பவரின் பதில்

வழக்கறிஞரின் பதில் வேறு. கட்டடம் எவ்வளவு பழையது என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறை இணையத்தில் பார்க்க முடிவதால், அதற்குப் பிறகு கட்டிய அடுக்குமாடியின் முழு வரலாற்றையும் தேடலாம். இந்த வகையில் பழைய வீடு புதியதைவிட வெளிப்படையானது. இரண்டு மூன்று கை மாறியிருந்தால் அத்தனை முறையும் யாரோ ஒருவர் பத்திரம் பார்த்திருப்பார், வங்கி கடன் கொடுத்திருக்கும்.

ஆனாலும் பழைய அடுக்குமாடிப் பத்திரங்களுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. முன்பெல்லாம் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு மட்டும் கிரயப் பத்திரம் எழுதி, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுவார்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘ஏ’ ஷெட்யூலில் மொத்த மனையும் நான்கு எல்லைகளும் இருக்கும், ‘பி’ ஷெட்யூலில் இத்தனை சதுர அடி பிரிபடாத பாகம் என்றிருக்கும். வீட்டைக் குறிக்கும் ‘சி’ ஷெட்யூல் சிலவற்றில் இருக்காது. கட்டுமான ஒப்பந்தத்தைத் தொலைத்துவிட்ட உரிமையாளரிடம் வாங்கினால், நிலத்தில் பங்கு இருக்கிறது, எந்தக் கதவு நம்முடையது என்பதற்கு எழுத்து இல்லை என்ற நிலை வரலாம். 2023 டிசம்பரில் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே கூட்டு மதிப்பில் பதியும் முறை வந்தது புதிய வீடுகளுக்கு உதவும். பழைய பத்திரங்களின் குறையை அது சரிசெய்யாது.

கூட்டிப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எல்லா வீடுகளின் பிரிபடாத பாகங்களையும் கூட்டினால் மொத்த மனையின் அளவு வர வேண்டும். வராவிட்டால், மிச்சப் பங்கு நில உரிமையாளரிடமோ கட்டுநரிடமோ தங்கியிருக்கிறது. மொட்டை மாடியில் மேலும் கட்டும் உரிமையைக் கட்டுநர் தனக்கென்று வைத்துக்கொண்ட பத்திரங்களும் உண்டு. இருபது ஆண்டு கழித்து அவருடைய வாரிசு வந்து கேட்டால்தான் அந்த வரியின் பொருள் மற்றவர்களுக்குப் புரியும். இடையில் பவர் பத்திரத்தின் மேல் மட்டுமே கை மாறிய வீடு என்றால், அத்தகைய கைமாற்றம் உரிமையைத் தராது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும்.

கோயில்களும் மடங்களும் வக்ஃபுகளும் நெடுங்காலமாக நிலம் வைத்திருக்கும் ஆற்றுச் சமவெளி இது. அத்தகைய நிலங்களை உரிய அனுமதியின்றி விற்கும் பத்திரங்களைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. கட்டடம் எழுந்தபோது யாரும் எழுப்பாத கேள்வி, மறுவிற்பனைக்குப் போகும் நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழலாம். சர்வே எண்ணைக் கொண்டு நிலத்தின் மூலத்தைப் பார்ப்பது இங்கே கட்டாயம்.

பத்திரவாதத்தின் பலவீனம், எல்லாம் சரியாக இருந்தால் வீடு நல்லது என்று அது முடிவுகட்டிவிடுவதில் இருக்கிறது. குற்றமற்ற பத்திரமுள்ள வீட்டின் கூரையும் ஒழுகும்.

கட்டடத்தின் வயது: பொறியாளர்களின் பதில்

பொறியாளர்கள் வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் பார்ப்பதில்லை. கான்கிரீட் கட்டடத்துக்குப் பொதுவாக ஐம்பது ஆண்டு ஆயுள் என்பது வடிவமைப்பின் அனுமானம். எந்தக் காலத்தில், எந்தப் பொருளால் கட்டியது என்பதைப் பொறுத்து அது கூடும் குறையும்.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. 1978ஆம் ஆண்டுப் பதிப்பு கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்-15 தரத்தைக் குறைந்தபட்சமாக ஏற்றது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு அதை எம்-20 ஆக உயர்த்தியது. கொத்தனார் மொழியில் சொன்னால், ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவையிலிருந்து ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவைக்கு வந்தோம். கம்பியும் மாறியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வழக்கத்தில் இருந்த முறுக்குக் கம்பியின் இடத்தை டிஎம்டி கம்பி பிடித்தது. எனவே 2000க்கு முன் கட்டியதா, பின் கட்டியதா என்பது பொருளுள்ள கேள்வி.

இதற்கு எதிர்வாதமாக ஊரில் சொல்வது, ‘அது ஆத்து மணல்ல கட்டினது’ என்பது. தாழையூத்து சங்கர் நகரின் சிமென்டும் தாமிரபரணியின் மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலம் உண்டு. தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அதன் பிறகு எம்-சாண்டின் பயன்பாடு மெல்லப் பெருகியது. ஆற்றுமணல் நல்ல பொருள்தான். ஆனால் முறையாகத் தயாரித்த எம்-சாண்டைவிட அது கட்டாயம் உறுதியானது என்ற நம்பிக்கைக்குப் பொறியியலில் வலுவான அடிப்படை இல்லை. சலிக்காத, களிமண் கலந்த ஆற்றுமணலும் அந்தக் காலத்தில் கட்டடங்களுக்குள் போயிருக்கிறது. மணலின் பெயரைவிட, அன்று கலவையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள், எத்தனை நாள் நனைத்தார்கள் என்பதே உறுதியைத் தீர்மானித்திருக்கும். அதை இன்று யாரும் நினைவிலிருந்து சொல்ல முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும்.

சோதனை பெரும்பாலும் மேல்மாடியில் தொடங்கும். கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி போகும் வழியே நீளவாக்கில் விரிசலும் செம்பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைத் தள்ளுகிறது என்று பொருள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்துபோன இடம் பொத்தென்று கேட்கும். புதிதாக வெள்ளையடித்த கூரையில் ஓர் இடத்தில் மட்டும் சிமென்ட் பூச்சு மழமழவென்று இருந்தால் அங்கேதான் தட்ட வேண்டும். கழிவறைக்கு நேர் கீழே உள்ள வீட்டின் கூரை, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள், கார் நிறுத்தும் தரைத்தளத்துத் தூண்களின் அடி ஆகிய மூன்றும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. சந்தேகம் மிஞ்சினால் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனைகள் உண்டு. வாங்கும் வீட்டை மட்டும் சோதிப்பதால் பயன் குறைவு. தூணும் அடித்தளமும் எல்லோருக்கும் பொது.

சென்னைத் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993இல் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் 2021 டிசம்பரில் இடிந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அந்தக் கட்டடத்துக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. நன்றாகப் பராமரித்த ஐம்பது ஆண்டுக் கட்டடங்கள் அதே சென்னையில் நிற்கின்றன. வயது ஒரு தடயம், அவ்வளவுதான்.

ஆற்றோர நகரின் கணக்கு

நெல்லைக்கு மட்டும் உரிய பதில் ஒன்றை ஆறு சொல்கிறது. 1992 நவம்பரில் தாமிரபரணி நகருக்குள் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் வந்தது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. சந்திப்புப் பேருந்து நிலையமும் ஆற்றோரக் குடியிருப்புகளும் வெள்ளத்தில் நின்றன.

‘நாம் இரண்டாம் மாடிதானே’ என்ற ஆறுதல் அடுக்குமாடியில் பாதிதான் செல்லும். மின் இணைப்புப் பலகை, மோட்டார், தரைமட்டச் சம்ப்பு, லிஃப்ட் குழி, ஜெனரேட்டர் எல்லாம் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகு அவற்றை மாற்றும் செலவு மேல்மாடிக்காரருக்கும் பங்காக வரும். மறுபக்கம், பழைய கட்டடத்துக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது: அதன் வெள்ள வரலாறு தெரிந்தது. 1992ஐக் கண்ட கட்டடம் என்றால் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். வயலை நிரப்பிப் போட்ட புதிய மனையில் எழும் கட்டடத்துக்கு அந்தச் சாட்சியம் கிடையாது.

அக்கம்பக்கம்: கலப்பு பற்றிய வாதங்கள்

‘யார் யார் குடியிருக்கிறார்கள்?’ என்ற கேள்வியை வீடு வாங்குவோர் வெளிப்படையாகக் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதும் இல்லை. இதில் இரண்டு நிலைப்பாடுகள் உண்டு.

முதலாவது, நம்மவர்கள் இருக்கும் இடமே பாதுகாப்பு என்பது. தெருவே சாதியாகவும் சமயமாகவும் அமைந்த ஊர்களிலிருந்து நகரத்துக்கு வந்தவர்களிடம் இது பழக்கத்தின் தொடர்ச்சி. சிறுபான்மையினரிடமும் ஒடுக்கப்பட்டவர்களிடமும் இதற்கு வேறு காரணம் இருக்கிறது. மற்ற இடங்களில் மறுக்கப்பட்ட அனுபவமே அவர்களைச் சேர்ந்து வாழத் தூண்டுகிறது. தலைநகர் தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாடகை வீடு தேடிய தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைச் சொன்னதுமே கணிசமாக மறுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. மதத்தையும் உணவையும் காட்டி மறுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்க விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றுக்கொண்டது இந்த இடைவெளியைக் காட்டுகிறது.

இரண்டாவது நிலைப்பாடு, கலந்து வாழ்வதே நல்லது, தானாக நடக்காவிட்டால் அரசு நடத்த வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் நூறு வீடுகளைச் சாதிவாரியாகப் பங்கிட்டது. சிங்கப்பூர் 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கொள்கை இனக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுத்தது. அதேசமயம், வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க முனையும் தமிழர், வாங்குவோர் வட்டம் சுருங்கி விலையை இறக்க நேர்ந்தது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டு, விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் வீட்டு வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்தது. நெல்லையில் அத்தகைய வரம்பு ஏதும் இல்லை; பேசாத வரம்புகள் இருக்கலாம், அவையும் மறுவிற்பனை விலையைத் தொடும்.

கலப்பு மனிதர்களை நெருக்குமா விலக்குமா என்பதில் ஆய்வாளர்களும் ஒன்றுபடவில்லை. சமநிலையில் நேரடிப் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்றார் கார்டன் ஆல்போர்ட், 1954இல். பன்மை மிகுந்த அமெரிக்கப் பகுதிகளில் அண்டை வீட்டார்மீது நம்பிக்கை குறைவாக இருப்பதைக் கண்டார் ராபர்ட் புட்னம், 2007இல். இந்திய நகரங்களை ஆராய்ந்த அசுதோஷ் வார்ஷ்னேயின் 2002ஆம் ஆண்டு நூல் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காட்டுகிறது. அடுத்தடுத்து வாழ்வதோ தினசரி வணக்கம் சொல்வதோ பெருநகரங்களில் போதாது. தொழில், வணிகம், பொதுநலன் சார்ந்த கூட்டுச் சங்கங்களில் இரு சமயத்தவரும் சேர்ந்து இயங்கிய நகரங்களே கலவரத்தைத் தாங்கின என்பது அவர் முடிவு. அதை ஓர் அடுக்குமாடிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் சேர்ந்து கணக்குப் பார்க்கும் சங்கம் அத்தகைய அமைப்பின் மிகச் சிறிய வடிவம்தான்.

சங்கமும் பூட்டிய வீடுகளும்

எல்லாத் தரப்பின் வாதங்களும் வந்து சேரும் இடம் இதுவே. தூணைச் சரிசெய்வது, பத்திரக் குறையைத் திருத்துவது, மின்பலகையை உயர்த்தி வைப்பது, இடித்துக் கட்டுவது என எதையும் தனி உரிமையாளர் செய்ய முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1981இல் கட்டிய சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத் 2021 ஜூனில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். பொறியாளரின் எச்சரிக்கை அறிக்கை 2018இலேயே சங்கத்தின் கையில் இருந்தது. பெருஞ்செலவை யார் ஏற்பது என்ற இழுபறியில் ஆண்டுகள் போயின.

நெல்லையின் பழைய அடுக்குமாடிகளில் சங்கம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். அவர்களிலும் சிலர் சென்னையிலோ பெங்களூருவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கும், அல்லது வாடகைக்குப் போயிருக்கும். மாதப் பராமரிப்புப் பணம் வந்துவிடும். லிஃப்டை மாற்ற ஆளுக்கு இரண்டு லட்சம் என்றால் பதில் வராது. வாடகைக்காரருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை, உரிமையாளருக்கு ஒழுகல் தெரிவதில்லை. கலப்புதான் கட்டடத்தைப் பலவீனமாக்கும் என்று அஞ்சுவோர், உரிமையாளர் ஊரில் இல்லாமையை அந்த அளவுக்கு எடைபோடுவதில்லை. சாதி மதம் வேறானாலும் சேர்ந்து சம்ப்பைக் கழுவும் கட்டடங்கள் நிற்கும். உறவினர்களே குடியிருந்தாலும் பாதி வீடு பூட்டிய கட்டடம் சீக்கிரம் தளரும் என்றே தோன்றுகிறது.

செலவுக் கணக்கு

புதியதைவிடப் பழையது மலிவு என்ற பொதுக் கருத்தும் விலையைப் பொறுத்து மாறுகிறது. 2023 டிசம்பர் முதல், முதல் விற்பனையாக வரும் வீட்டுக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 6 விழுக்காடு. மறுவிற்பனை வீட்டுக்கு 9 விழுக்காடு. ஆனால் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, பழைய வீட்டுக்கு இல்லை. 50 லட்சம் ரூபாய் வீட்டுக்குப் புதியதில் 6 விழுக்காடும் ஜிஎஸ்டி 5 விழுக்காடும் சேர்ந்து ஐந்தரை லட்சம் ஆகும். பழையதில் நாலரை லட்சம். 45 லட்சத்துக்கு மிகாமலும் 90 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள்ளும் இருந்தால் ஜிஎஸ்டி 1 விழுக்காடாக இறங்கும். அப்போது புதிய வீட்டின் சுமை 7 விழுக்காடு, பழையதன் சுமை 9. நெல்லையின் சந்தையில் பல வீடுகள் இந்த எல்லைக்கு அருகில் வருவதால், கணக்குப் போடாமல் எது மலிவு என்று சொல்வதற்கில்லை.

வங்கிக் கடன் இந்தச் செலவுகளைப் பொதுவாகத் தாங்காது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 விழுக்காடு என்பது ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு. கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பார்த்து வங்கி அதையும் குறைக்கலாம், தவணைக் காலத்தையும் சுருக்கலாம். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வாங்குபவர் பிடித்தம் செய்ய வேண்டிய வருமான வரி விகிதமே வேறு; அதைத் தவறவிட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும்.

எஞ்சி நிற்பவை

இத்தனை பதில்களையும் எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பழைய அடுக்குமாடியில் நிலப்பங்கு பெரும்பாலும் கூடுதல். அது உடனே பணமாகும் என்ற நம்பிக்கை நெல்லைக்குப் பொருந்துவது கடினம். வயது தானாகவே ஆபத்தும் அல்ல, அனுபவம் என்ற உத்தரவாதமும் அல்ல. கலப்பான அக்கம்பக்கம் விலையைக் குறைக்கும் என்பதற்கோ கூட்டும் என்பதற்கோ இந்த ஊரளவில் முடிந்த முடிவு எதுவும் இல்லை.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. புதிய உரிமைச் சட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு விதி, பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டுமே உள்ள சிறு கட்டடங்களில் எப்படி வேலை செய்யும்? சம்மதிக்காத சிறுபான்மை உரிமையாளருக்கு, குறிப்பாக ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு, மறுகட்டுமானத்தின்போது என்ன பாதுகாப்பு? 2023 வெள்ளத்தின் தடத்தை வங்கிகளும் மதிப்பீட்டாளர்களும் விலையில் சேர்ப்பார்களா? இவற்றுக்கு அடுத்த பத்தாண்டுகளில்தான் பதில் தெரியும்.

அதுவரை, வாங்க நினைப்பவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்: எல்லா வீடுகளின் பிரிபடாத பாகக் கணக்கு, முழுக் கட்டடத்துக்குமான பொறியாளர் அறிக்கை, சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டு வரவு செலவு. முதல் இரண்டில் உள்ள குறைகளை நல்ல சங்கம் காலப்போக்கில் சரிசெய்துவிடும். மூன்றாவது தாளே இல்லை என்று பதில் வந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வீட்டை விட்டுவிடுவது நல்லது.